கரடிப்பெண்ணும் எண்ணூறு மீட்டரும்

வாசகர்கள் என்னைத் திட்டுவது புதிதல்ல. வாட்ஸ்அப்பில் திட்டுவார்கள். மின்னஞ்சலில் திட்டுவார்கள். கல்யாணப் பந்தியில், பாயசத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நிதானமாகத் திட்டியவர்கூட உண்டு. ஆனால், விசில் ஊதிவிட்டுத் திட்டியவர் ஸ்டெல்லா மிஸ் ஒருவர்தான்.

போன மாதம் ஒரு காலை. சிதம்பரத்தில், என் வீட்டு அடுப்படியில், இட்லிக்குச் சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால்… காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு நீள விசில். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.இ.டி. டீச்சராக இருக்கிறேன் என்றார். பெயர் ஸ்டெல்லா என்றார். மைதானத்தில் நின்று பேசுகிறேன், சத்தத்துக்கு மன்னிக்கணும் என்றார். இவ்வளவு மரியாதையாக ஆரம்பித்தவர் அடுத்துச் சொன்னது இது:

"ஒங்க கதையால என் ரேஸ் கெட்டுப்போச்சு மேடம்."

என் கதையால் ஒரு ரேஸ் கெடுமா? நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கிப்போனவர்களைத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டதாக ஒருவர் சொன்னார் — அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால், ரேஸ்?

எந்தக் கதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறுவர் இதழில், கிரேக்க வீரக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் சொல்லித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். வீரக் கதை என்றாலே வாளைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை கிளம்பிவிடுகிறான். எனக்கு அது அலுத்துவிட்டது. தேடிப் பிடித்து ஒரு வீராங்கனையை எடுத்துக்கொண்டேன். அவளுடைய கிரேக்கப் பெயர் நம் பிள்ளைகள் வாயில் நுழையாது என்றார் ஆசிரியர். சரி, 'கரடிப்பெண்' என்று வைத்துவிட்டேன்.

ஏன் கரடி? ஒரு ராஜா இருந்தான். ஆண் குழந்தைக்காகக் காத்திருந்தவனுக்குப் பெண் பிறந்தது. மலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கமாக வந்த ஒரு தாய்க்கரடி, குழந்தையை முகர்ந்து பார்த்தது. தின்னவில்லை. பால் கொடுத்தது. பிறகு வேடர்கள் கண்டெடுத்து வளர்த்தார்கள்.

வளர்ந்தாள். ஓடினாள். அப்படி ஓர் ஓட்டம் — மானெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிடும். ஒரு ராட்சதக் காட்டுப்பன்றி நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தபோது, பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் குறி தவறி நிற்க, முதல் அம்பைப் பன்றியின் மேல் பாய்ச்சியவள் அவள்தான். ஊரெல்லாம் அவள் பேச்சு. இப்போது ராஜாவுக்கு மகள் ஞாபகம் வந்தது… வராமல் இருக்குமா? அரண்மனைக்கு அழைத்துக்கொண்டான். அழைத்த கையோடு கல்யாணப் பேச்சை எடுத்தான்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். என்னோடு ஓட வேண்டும், என்னை ஜெயிக்க வேண்டும், ஜெயித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன். வந்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். கடைசியாக ஒருத்தன் வந்தான். ஓடி ஜெயிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். காதல் தெய்வத்திடம் வேண்டி, மூன்று தங்க ஆப்பிள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவள் முந்தியபோது ஒன்றை உருட்டிவிட்டான். அவள் நின்று, குனிந்து, எடுத்தாள். மறுபடி முந்தினாள். மறுபடி உருட்டினான். மூன்றாவது ஆப்பிளை ரொம்ப தூரம் தள்ளி எறிந்தான். அவள் போய் எடுத்து நிமிர்வதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டான். கல்யாணம். சுபம்.

'காலால் முடியாததை மூளையால் முடித்த புத்திசாலி' என்று கடைசி வரி எழுதியிருந்தேன். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. எழுதிவிட்டு, நானே எனக்கு இன்னொரு காபி போட்டுக்கொண்டேன்.

இனி ஸ்டெல்லா மிஸ்ஸின் ரேஸுக்கு வருவோம்.

மழை பெய்தால் மைதானம் சேறாகிவிடும். அந்த மாதிரி நாட்களில் பி.டி. பீரியடில் பெண்களை வகுப்பிலேயே உட்காரவைத்து, சிறுவர் இதழ்களைப் படிக்கக் கொடுப்பாராம் ஸ்டெல்லா. கரடிப்பெண் கதை வந்த இதழ், கை மாறிக் கை மாறி அட்டையே கழன்றுவிட்டதாம். இதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். பூரிப்பு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண்கள். கௌசல்யா, ரஹ்மத். இரண்டு பேருக்கும் எண்ணூறு மீட்டர் ஓட்டம். ஒரே பெஞ்ச். ஒரே டிபன் பாக்ஸிலிருந்துதான் சாப்பாடு. எந்தப் போட்டி வைத்தாலும் கௌசி முதலாவது வருவாள், ரஹ்மத் இரண்டாவது வருவாள். காலையில் சூரியன் வருவதுபோல அது நடந்துகொண்டிருந்தது.

சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளி, பல ஊர்ப் பள்ளிகளையும் கூப்பிட்டுத் தடகளப் போட்டி நடத்துகிறது. எண்ணூறு மீட்டருக்கு ஒரு பள்ளிக்கு ஒருத்திதான் வரலாம். யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய ஸ்டெல்லா ஒரு டிரையல் வைத்தார். கடைசி ரவுண்ட். கௌசி முன்னால். இரண்டடி பின்னால் ரஹ்மத். திடீரென்று கௌசி தலையைத் திருப்பி, பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாள். வேகம் குறைந்தது. அப்படியே நின்றுவிட்டாள். ரஹ்மத் அவளைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டாள்.

காலில் பிடிப்பு என்றுதான் ஸ்டெல்லா நினைத்திருக்கிறார். கௌசி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயித்தவள் சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் காலை, ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று ரஹ்மத்தே சொல்லிவிட்டாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்தவள், கௌசியின் காதுக்குக் கேட்கிற மாதிரி இப்படிச் சொன்னாளாம்:

"கௌசி, ஒங்கப்பா வந்துருக்காரு பாரு."

கௌசியின் அப்பா குவைத்தில் டிரைவர். அவர் ஊருக்கு வந்து போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது.

எனக்கு அடுப்பு மறந்துவிட்டது. சட்னி தாளிப்பு கருகிய வாசனை வந்த பிறகுதான் ஸ்டவ்வை அணைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று ஸ்டெல்லா கேட்டிருக்கிறார். ரஹ்மத் பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, கரடிப்பெண் கதையில் வருகிறவனும் இதைத்தானே செய்தான் என்றிருக்கிறாள்.

"அவன் செஞ்சா புத்திசாலி. நான் செஞ்சா ஏமாத்துக்காரியா மிஸ்?"

ஸ்டெல்லாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கௌசி அன்றையிலிருந்து பிராக்டிஸுக்கு வரவில்லை. அவளே போகட்டும், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ரஹ்மத்தும் நான் போக மாட்டேன் என்கிறாளாம். சிதம்பரம் போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. நீங்களே எழுதினீர்கள், நீங்களே வந்து பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அன்று மதியமே கடலூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரமாதமாகத் தயார் செய்தேன். புராணக் கதைகளை அந்தந்தக் காலத்து அறத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்… இதுதான் தொடக்கம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இரண்டு மேற்கோள்கள் சேர்த்தேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் முடிவுரையும் தயார். பி.ஹெச்டி. வைவாவுக்குப் போகிற மாதிரி கடலூரில் இறங்கினேன்.

பள்ளி மைதானம் பெரியதில்லை. நான்கு முறை சுற்றினால்தான் எண்ணூறு மீட்டர். சுண்ணாம்புக் கோடு ஓர் இடத்தில் தெரிந்தது, ஓர் இடத்தில் மழையில் கரைந்துபோயிருந்தது. புங்கமரத்தடியில் அத்லெட்டிக்ஸ் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா மிஸ் நான் நினைத்ததுபோல் ஆஜானுபாகுவாக இல்லை. ஒல்லியாக, கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாக இருந்தார். கம்மாபுரத்துக்காரர். காலேஜ் நாட்களில் அவரும் ஓடியவர்தான் என்று பிறகு தெரிந்தது.

யார் ரஹ்மத் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. நீளமான கைகால்கள், இமைக்காத பார்வை — நான் உட்காருவதற்கு முன்னாலேயே என்னிடம் கணக்குத் தீர்க்கத் தயாராக இருந்தாள். கௌசியும் தெரிந்தாள். எல்லாருக்கும் பின்னால், மரத்தின் அந்தப் பக்கம், தோளில் மாட்டிய ஸ்கூல் பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மிஸ் கட்டாயப்படுத்தியதால் வந்திருக்கிறாள், எந்த நேரமும் எழுந்து போகலாம் என்பது அந்தப் பையிலேயே தெரிந்தது.

ரஹ்மத் அதே கேள்வியை அப்படியே கேட்டாள். அவன் செய்தால் புத்திசாலி…

புதுச்சத்திரமும் ஆலப்பாக்கமும் என் தலையிலிருந்து ஓடிப்போய்விட்டன. ஒரு மேற்கோளும் கிடைக்கவில்லை. உண்மை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்தக் கதையை நான் முழுசாகவே எழுதவில்லை என்று சொன்னேன்.

ஒருத்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் படிக்கிற கதை என்பதால் ரத்தம் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றேன். எதை விட்டேன்? அவளிடம் ஓடித் தோற்றவர்கள் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தோற்றவன் தலையை வெட்டிவிடுவார்கள். அதுதான் பந்தயத்தின் நிபந்தனை. ஜெயித்தால் ராஜகுமாரி, தோற்றால் தலை. அப்படித்தான் ஒவ்வொருத்தனும் வந்தான், ஓடினான், செத்தான். அந்த ஆப்பிள்காரன் ஓடிய மைதானத்தின் ஓரத்தில், அவனுக்கு முன்னால் ஓடியவர்களின் தலைகள் இருந்தன.

எனக்கே கதை பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கல்யாணம் முடிந்து சுபம் என்று எழுதினேனே, அதுவும் முழுசில்லை. ஆப்பிள் கொடுத்த தெய்வத்துக்கு அவன் நன்றி சொல்ல மறந்துவிட்டான். தெய்வத்துக்குக் கோபம். அவனைச் சிங்கமாக்கிவிட்டது. அவளையும் சிங்கமாக்கிவிட்டது… ஏமாற்றியவன் ஒருத்தன், தண்டனை இரண்டு பேருக்கும். இன்றைக்கும் எங்கேயோ காட்டில் அலைந்துகொண்டிருக்கிறார்கள் என்று முடித்தேன்.

அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… இவ்வளவு நல்ல கதையை எங்களிடமிருந்து ஒளித்துவைத்தாயா என்கிற பார்வை.

பிறகு ஒரே சண்டை. தலை போகிற நேரத்தில் அவன் என்னதான் செய்வான், அது ஏமாற்று இல்லை, தப்பித்தல் என்றாள் ஈட்டி எறிகிற ஒருத்தி. தலை போகும் என்று தெரிந்துதானே வந்தான், யார் அவனைக் கூப்பிட்டது என்றாள் இன்னொருத்தி. ஸ்டெல்லா மிஸ் எல்லாரையும் அடக்கிவிட்டு ரஹ்மத்தைப் பார்த்தார். அவனுக்காவது தலை போகிற விஷயம், உனக்கு என்ன போயிற்று என்று கேட்டார்.

ரஹ்மத் கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து நான் ரெண்டாவதாவே வர்றேன் மிஸ். பிரேயர்ல அவளக் கூப்புட்டுக் கைதட்டுவாங்க. நான் அவ பையத் தூக்கிக்கிட்டு நிப்பேன்."

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண், சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்தாளோ என்னவோ, என் பக்கம் திரும்பி வேறு கேள்வி கேட்டாள். அந்தக் கரடிப்பெண் ஏன் குனிந்தாள்? அவள் ராஜா மகள். தங்கத்துக்கா பஞ்சம்? ஓடுகிற வேகத்தில் தரையில் கிடப்பதை யார் பார்ப்பார்கள்?

எனக்குத் தெரியாது என்றேன். அந்த ஆப்பிள்களில் மாயம் இருந்தது என்று பழைய காலத்துக் கதைசொல்லிகள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"மாயமெல்லாம் இல்ல மேடம்."

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். அன்று கௌசி வாயைத் திறந்தது அப்போதுதான். என்னைப் பார்க்கவில்லை, பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"அதுவரைக்கும் அவகூட ஓட வந்தவங்க எல்லாம் அவளக் கூட்டிக்கிட்டுப் போவத்தான வந்தாங்க? இவன் ஒருத்தன்தான் அவளுக்குன்னு ஒண்ணு கொண்டாந்தான். அதான் குனிஞ்சிருப்பா. ரேஸு போயிரும்னு தெரிஞ்சேதான் குனிஞ்சிருப்பா."

சொல்லிவிட்டு, ரஹ்மத் இருந்த திசைக்குத் தலையைத் திருப்பாமல், அதே குரலில் மேலும் சொன்னாள்.

"நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் திரும்பினேன். கேட்டாண்ட யாருமே இல்ல. அதான் எனக்குத் தாங்கல. ஒம்மேல ஒண்ணுமில்ல."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஸ்டெல்லா மிஸ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். வெயில்கூட இல்லை அப்போது.

நான் எழுதுகிற கதையாக இருந்தால் இந்த இடத்தில் ரஹ்மத் ஓடிப்போய்த் தோழியைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள். நடந்தது வேறு. அவள் எழுந்தாள். சுடிதாரில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். நேராக மரத்துக்கு அந்தப் பக்கம் போய், கௌசியின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொள்ளவில்லை — என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"வா, ஓடலாம். நான் வாயே தொறக்க மாட்டேன்."

கௌசி மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டாள் ரஹ்மத். பிறகு கௌசி குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் எப்போதும் வெறுங்காலில்தான் ஓடுவாளாம். பெண்கள் எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டு டிராக்குக்கு ஓடினார்கள்.

ஸ்டெல்லா விசிலை வாயில் வைத்தார். எனக்கு முடிவுக்கோட்டில் நிற்கிற வேலை. மடியில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். பிபி மாத்திரை சாப்பிடுகிற எனக்கு, அவர்கள் ஓடுவதற்கு முன்னாலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது.

விசில்.

எப்போதும் கௌசியின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவள் ரஹ்மத். அன்று முதல் ரவுண்டிலேயே முன்னால் பாய்ந்துவிட்டாள். இப்போதே இவ்வளவு வேகம் எடுத்தால் கடைசியில் செத்துப்போவாள் என்று ஸ்டெல்லா தனக்குத்தானே முணுமுணுத்தார். இரண்டாவது ரவுண்ட். இன்னும் ரஹ்மத்தான். கௌசி பதினைந்தடி பின்னால். நான்கைந்து நாள் பிராக்டிஸ் இல்லாதது தெரிந்தது. மூன்றாவது ரவுண்டில் கௌசியின் சின்ன உருவம் மெல்ல மெல்ல நெருங்கியது. கௌசி ஓடுவதில் ஓர் அழகு — மேல் உடம்பு அசையவே அசையாது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்தால்கூடச் சிந்தாது என்று தோன்றும்.

கடைசி ரவுண்ட். இரண்டு பேரும் பக்கம் பக்கமாக வந்தார்கள். ரஹ்மத் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அந்தப் பெண் மூச்சு விடுவதற்குக்கூட மீறவில்லையோ என்று எனக்குப் பயமாகப் போயிற்று. பெண்களில் பாதிப்பேர் 'கௌசி' என்று கத்தினார்கள், பாதிப்பேர் 'ரஹ்மத்' என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். ஒரு மூச்சு இந்தப் பெயர், ஒரு மூச்சு அந்தப் பெயர். தோளில் பை குதிக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் நான் குதிக்கிறேன்.

அந்த இடத்தில், கேட்டைத் தாண்டுகிற அந்த வளைவில், கௌசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடி வளைந்தாள், நிமிர்ந்தாள், கடைசி இருபது அடியில் ஒரு பாய்ச்சல்…

கௌசிதான். ஒரு கை நீளம்.

ரஹ்மத் கோட்டைத் தாண்டி அப்படியே மல்லாந்து விழுந்தாள். நான் பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினேன். மூச்சு வாங்குகிறது, கண் மூடியிருக்கிறது. அழுகிறாளோ என்று குனிந்தால், அவள் ஸ்டெல்லாவிடம்தான் பேசினாள். தன் டைம் என்ன என்று கேட்டாள்.

ஸ்டெல்லா ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். கௌசி இதுவரை ஓடிய எந்த ஓட்டத்தையும்விட, இன்றைக்கு இரண்டாவதாக வந்த ரஹ்மத்தின் டைம் நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவர், சொல்ல வராமல், காரணமே இல்லாமல் விசிலை எடுத்து ஊதினார். நீளமாக ஊதினார். போனில் என் காதைக் கிழித்த அதே விசில். அன்று எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

சனிக்கிழமை சிதம்பரத்தில் போட்டி. எங்கள் ஊரில் நடக்கிறது, நான் போகாமல் இருப்பேனா? குடை, தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் வேலியோரம் இடம் பிடித்துவிட்டேன். கடலூர் வேன் வந்தது. கௌசி இறங்கினாள். பின்னாலேயே ரஹ்மத்தும் இறங்கினாள். அவளுக்கு அன்று ஓட்டம் இல்லை. ஆனாலும் வந்திருந்தாள்.

எண்ணூறு மீட்டருக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது ரஹ்மத் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஸ்டெல்லா மிஸ்ஸின் போன். திரையில், நிறுத்தி வைத்த ஒரு வண்டிக்குள் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர். காலர் மடிப்புக் கலையாத சட்டை. குவைத். கௌசியின் அம்மாவிடம் நம்பர் வாங்கி, நேரம் கேட்டு, ஸ்டெல்லாவிடம் சொல்லி, எல்லா ஏற்பாட்டையும் அவளே செய்திருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. கௌசியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். ரஹ்மத் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இப்பச் சொல்லாதீங்க மேடம். திரும்பிப் பாத்துருவா."

துப்பாக்கி வெடித்தது. கௌசி எடுத்த எடுப்பில் முன்னால் போய்விட்டாள். இங்கே பெரிய டிராக், இரண்டே சுற்று. முதல் சுற்று முழுக்கக் கௌசிதான். போனுக்குள்ளிருந்து அப்பா ஏதோ சொன்னார். ரஹ்மத் போனை உயர்த்திப் பிடித்து, எந்தக் கலர் பனியன், எத்தனையாவது ஆள் என்று கமென்ட்ரி கொடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது சுற்றில் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் உயரமான பெண் நெருங்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ரஹ்மத்துக்குப் போன் மறந்துபோயிற்று. வேலியோரமாகக் கத்திக்கொண்டே ஓட ஆரம்பித்துவிட்டாள். கையை வீசி வீசி ஓடுகிறாள், கையில் குவைத். நானும் பின்னால் ஓடுகிறேன்.

கடைசி வளைவில் திட்டக்குடிப் பெண் கௌசியைத் தாண்டினாள். கௌசி விடவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், இன்னும் எட்டினாள். முடியவில்லை. இரண்டாவது.

வேலி முடிகிற இடத்தில் ரஹ்மத் மூச்சிரைக்க நின்றாள். அவள் கையில் தொங்கிய போனிலிருந்து குரல் கேட்டது.

"யம்மா… வெறும் வானமும் புல்லுந்தான் தெரியுது. எம்பொண்ணு எங்கம்மா?"

ரஹ்மத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனை எடுத்துக்கொண்டு வேலிக்குக் கீழே நுழைந்து, மைதானத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்ற கௌசியிடம் ஓடினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கௌசி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். உன் ஓட்டத்தில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை, ரஹ்மத் போட்ட சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்துகொண்டேன் என்று அப்பா சொன்னதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

பரிசளிப்பெல்லாம் முடிந்து, மைதானத்துப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு படி மேலே. கௌசி வெள்ளி மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் வெள்ளி. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:

"எப்புடிடி இத்தன வருசம் தாங்குன?"

ரஹ்மத் வெள்ளரிப்பிஞ்சை ஒரு கடி கடித்து, மென்று, முழுங்கினாள்.

"எங்கடி தாங்குனேன்?"

ஒரு நொடி இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. வெள்ளரிப்பிஞ்சு புரையேறி, முதுகில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். பரிசு வாங்கிய திட்டக்குடிப் பெண் கீழே போகும்போது திரும்பிப் பார்த்தாள். தங்கம் கழுத்தில் இருந்தும் அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்துவரும்போது கரடிப்பெண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கதையில் அவளோடு ஓடியவர்கள் எல்லாரும் அவளை அடைய ஓடியவர்கள். அவளோடு சும்மா ஓடிப் பார்க்கலாம், முடிந்தால் முந்தலாம் என்று வந்த ஆள் ஒருவர்கூட இல்லை. தோற்றுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்ன யாருமில்லை. இத்தனை தடவை படித்தும் இது என் கண்ணில் படவே இல்லை. ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்… நானும்.

அந்த இதழில் வந்த கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். 'புத்திசாலி' வரியை அடித்துவிட்டேன். வெட்டிய தலைகளையும் சிங்கங்களையும் உள்ளே சேர்த்துவிட்டேன். அவள் ஏன் குனிந்தாள் என்பதற்குக் கௌசி சொன்ன காரணத்தை, அவளிடம் கேட்டு, அவள் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன்.

சிங்கங்களுக்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். தலைகளை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார்… பேரம் நடந்துகொண்டிருக்கிறது.